களத்துமேட்டில் ஆன்டெனா வேலை செய்தது

அன்றைக்கு ஆன்டெனா நன்றாகத்தான் வேலை செய்தது. நீ பொய் சொன்னாய்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. கல்யாணத்துக்கு நிற்கும் மகனுக்கு அம்மா எழுதுகிற கடிதத்தில் விட்டுக்கொடுத்துப் போ, மாமனார் வீட்டில் வாயைக் குறை என்றெல்லாம் இருக்கவேண்டும். அதைச் சொல்ல உனக்கு அத்தைகள் இருக்கிறார்கள். எனக்கு நாற்பத்துநாலு வயது. சாகப்போகிறவளின் கடைசி வார்த்தையாகவும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபோனில் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை, "பழச எதுக்கும்மா கிண்டுற" என்றாய். அடுத்த தடவை டவர் இல்லை என்றாய். பெங்களூரில் ஆபீஸ் மாடியில் நின்றுகொண்டு டவர் இல்லை என்கிறவனிடம் ஃபோனில் என்ன பேச முடியும்? அதனால் எழுதுகிறேன். வெளி ஆட்களுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் விளக்கிக்கொண்டு போவது அதனால்தான்.

நம் வீட்டில் உன் அப்பாவுக்கு வண்டி, எனக்கு ரேடியோ. அரியலூர் தந்தி அலுவலகத்தில் மோர்ஸ் சாவியில் கட்டு-கடா தட்டிப் பழகிய கை எனக்கு. தந்திக்குக் கூட்டம் குறைந்தபோது அந்தக் கையைச் சும்மா வைத்திருக்க மனமில்லாமல் ஹாம் ரேடியோ பரீட்சை எழுதினேன். லைசென்ஸ் வந்தது, எனக்கென்று ஒரு அழைப்புக்குறி வந்தது. கம்பி இல்லாமல், கட்டணம் இல்லாமல், முகம் தெரியாத ஆட்களோடு பேசலாம். உன் அப்பா அதே காலத்தில் ஒரு பழைய ஆஸ்பத்திரி வேனை ஏலத்தில் எடுத்தார். உள்ளே இரண்டு படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க். கோயில் கோயிலாக ஆட்களைக் கூட்டிப்போக அது. "வண்டின்னா வூடு மாதிரி இருக்கணும்" என்பார். வீடென்றால் என் ரேடியோவும் அதில் இருக்கவேண்டும் என்றேன். அப்படித்தான் அந்த ஆன்டெனாக் கம்பி வேனின் பின் பம்பரில் ஏறியது.

நாங்கள் பேசுகிற அலைவரிசைக்கு ஒழுங்கான ஆன்டெனா என்றால் தென்னை மரம் போல நிற்கவேண்டும். வேன்மேல் தென்னை மரத்தை நட முடியாது. அதனால் கம்பியை ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலாகக் குறுக்கி, குறுக்கியதற்கு ஈடாக நடுவில் ஒரு சுருளைச் சுற்றி வைக்கிறோம். குறுக்கிய எதுவும் கோபக்காரப் பிறவியாகிவிடும். நுனிக் கம்பியை அரை விரல்கடை ஏற்றினால் ஒரு மாதிரி, இறக்கினால் வேறு மாதிரி. கதவு திறந்திருந்தால் ஒரு குணம், புளியமரத்தடியில் நின்றால் இன்னொரு குணம். நிறுத்துகிற இடத்திலெல்லாம் இறங்கிப்போய்க் கம்பியைச் சரிசெய்ய வேண்டும். அந்த வேலையை நீ விரும்பிச் செய்தாய். பாடாலூரில் டீக்கு நிறுத்தினால் நான்கு பேர் சுற்றிவிடுவார்கள். "தம்பி, இது போலீஸ் வண்டியா?" "இதுல ஸ்கோர் வருமா?" ஒருவர் கம்பியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தூண்டில் பெருசா இருக்கே, ஆறு எங்க?" என்றார். நீ கொஞ்சமும் சிரிக்காமல், "மேல இருக்குங்க" என்று வானத்தைக் காட்டினாய். அந்தத் துடுக்குக்காக அன்றைக்கு உன்னை எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு தடவை சபரிமலைக் கூட்டத்தை ஏற்றிப்போனபோது ரேடியோ மீட்டரின் முள் பேய் பிடித்த மாதிரி ஆடியது. நீ வேனுக்கு அடியில் புகுந்து, ஒயரையெல்லாம் பிரித்துப் பார்த்து, கடைசியில் நிமிர்ந்தால் ஆன்டெனாவில் ஈர வேட்டி காய்கிறது. "சாமி, அது கொடிக்கயிறு இல்ல சாமி!" என்று நீ கத்த, குருசாமி சாவகாசமாக, "நல்லா காயுதேப்பா, காத்து அங்கதான் இருக்கு" என்றார். மழையில் சுருள் நனைந்தால் குணம் மாறுகிறதென்று அப்பா அதற்குச் சைக்கிள் ட்யூப்பை மாட்டிவிட்டார். பஞ்சர் கடைப் புத்தி. தண்ணீர் புகவில்லை, ஆனால் சுருள் சுட்டது. கறுப்பு ரப்பரில் கரி இருக்கிறது, அது சக்தியைத் தின்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவன் நீ. பெரம்பலூர் கடைத்தெருவில் வெள்ளை பி.வி.சி. குழாய் வாங்கிவந்து மூடி செய்தாய். உனக்குக் கண் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மீட்டர் விஷயம் மட்டும் உனக்கு லேசில் பிடிபடவில்லை. ரேடியோவிலிருந்து கிளம்புகிற சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவில் முட்டித் திரும்பி வருகிறது என்று அந்தச் சின்ன மீட்டர் காட்டும். முள் படுத்துக் கிடந்தால் எல்லாம் சரி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உனக்கும் லைசென்ஸ் வந்த புதிதில் நீயாக ட்யூன் செய்து, முள்ளைத் தரையோடு படுக்கவைத்து, "பாத்தியாம்மா" என்று மார்தட்டினாய். நாள் கணக்கில் கூப்பிட்டாய். ஒரு ஆள் பதில் சொல்லவில்லை. நான் உன் கையில் உப்புக்காகிதத்தைக் கொடுத்து, கம்பி நிற்கிற இடத்தில் பெயின்டையும் துருவையும் சுரண்டச் சொன்னேன். கதவு, பானெட், சைலன்சர் எல்லாவற்றையும் செம்புச் சடையால் சேஸிஸோடு சேர்த்துக் கட்டினோம். மறுபடி பார்த்தால் முள் மேலே ஏறி நின்றது. "நல்லா இருந்தத கெடுத்துட்டியேம்மா!" என்று நீ அழாத குறை. "கூப்புட்டுப் பாருடா" என்றேன். நாக்பூரிலிருந்து ஒருவர் உன் அழைப்புக்குறியைத் திருப்பிச் சொன்னார். அதுவரை உன் சக்தியையெல்லாம் துரு தின்றுகொண்டிருந்தது. தின்றது போக மிச்சமில்லை. முள் படுத்துக் கிடந்ததற்கு அதுதான் காரணம். திரும்பி எதுவும் வரவில்லை என்பதால் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்காதே என்று அப்போது சொன்னேன். ஆன்டெனாவைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். மனிதர்களுக்கும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கொள்ளிடத்தில் தண்ணீர் கரை மீறிய மழைக்காலம். ஆற்றோர ஊர்களில் ஃபோன் செத்துவிட்டது. செல்ஃபோன் டவர்களுக்குக் கரண்ட் இல்லை. படகு அனுப்புகிற ஆபீசிலிருந்து ரேடியோக்காரர்களைக் கேட்டார்கள். படிப்பை முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்த நீ, ஒரு வார்த்தை சொல்லாமல் பேட்டரியைத் தூக்கி வண்டியில் வைத்தாய். அப்பா ஓட்ட, நீங்கள் கீழப்பழுவூர் வழியாக ஆற்றுப்பக்கம் போனீர்கள். நான் அரியலூர் வீட்டில் இருந்த இன்னொரு ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். நீ சொல்வதை நான் எழுதிக்கொடுக்க, பக்கத்து வீட்டு வாத்தியார் மோட்டார் சைக்கிளில் ஆபீசுக்குக் கொண்டுபோவார். நீங்கள் போய் நின்ற ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எல்லா ஊரும் அப்படித்தான் இருக்கிறது. மேட்டில் ஊர்த்தெரு, பள்ளத்தில் காலனி.

காலையில் நீ பேசினாய். "அம்மா, கோயில் தெருவுல நிக்கிறோம். இங்க தண்ணி முட்டி அளவு. பெரியவங்க, கொழந்தைங்க நெறைய. ஒரு படகு வேணும்." உன் குரல் இழுத்து இழுத்துத்தான் கேட்டது. தெருவில் இரண்டு பக்கமும் மாடி வீடு, தலைக்கு மேலே கரண்டுக் கம்பி. கொஞ்ச நேரம் கழித்து, கட்டு-கடாவில் உன் அழைப்புக்குறி வந்தது. ட்யூன் செய்யும்போது எப்போதும் நீ தட்டுவது. உன் கை எனக்குத் தெரியும், கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டுவாய். அந்தச் சத்தம் மேஜை அதிர வந்தது. வெட்டவெளிக்கு, ஈர நிலத்துக்கு வந்துவிட்டான் என்று நினைத்து வால்யூமைக் குறைத்தேன். அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. மறுபடி அந்த இழுத்த குரல். "காலனிப் பக்கம் போவ முடியலம்மா. களத்துமேட்டுக்கிட்ட ஆன்டெனா ட்யூனே ஆவ மாட்டேங்குது. அங்க யாரு இருக்காங்க என்னன்னு ஒண்ணும் தெரியல."

மேஜை அதிர வந்த சத்தமும், ஆன்டெனா ட்யூன் ஆகவில்லை என்கிற இந்தப் பேச்சும் ஒட்டவில்லை என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். பேசியது நீ என்பதால் உறைக்கவில்லை. "காலனிப் பக்கம் தகவல் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். தகவல் உள்ள இடங்களுக்குப் படகுகள் போயின. உன் கோயில் தெருவுக்கு மத்தியானத்துக்குள் படகு வந்தது. களத்துமேட்டுக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் போனது. காலனி மொத்தமும் அங்கேதான் இருந்தது. ஒரு மேடு, அதைச் சுற்றி நாலா பக்கமும் தண்ணீர். பிள்ளைகளை உட்காரவைக்க வைக்கோலை இழுத்துப் போட்ட ஒருவரை, காலையிலேயே, அந்த வைக்கோலுக்குள் ஒண்டியிருந்த விரியன் கடித்துவிட்டது. அவரை மாரிமுத்து என்று வைத்துக்கொள்கிறேன். அவர் பெயர் அதில்லை என்று உனக்குத் தெரியும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், காலையிலேயே வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த மனிதர், இப்போது பஸ் நிற்கிற இடத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறார்.

வெள்ளம் வடிந்ததும் அந்த ஊரில் விழா எடுத்தார்கள். உனக்குப் பொன்னாடை, கேடயம். மாரிமுத்துவும் ஊன்றுகோலோடு வந்திருந்தார். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவர் பந்தலுக்கு வெளியே சாக்கை விரித்து உட்கார்ந்தார், கை தட்டினார். இதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தக் கேடயம் இப்போது உன் வருங்கால மாமனார் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. மாப்பிள்ளை சமூகத் தொண்டர் என்று சொந்தக்காரர்களிடம் அவர்கள் காட்டுகிறார்களாம்.

போன மாதம் கல்யாணத்துக்காக வண்டியைக் கழுவினோம். அந்தக் கம்பி இல்லாமல் வண்டி வரட்டும் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தவர், "இத கழட்டியே போட்டுடலாம். அன்னைக்கி இது நல்லா வேலை செஞ்சும் என்ன புண்ணியம்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது.

"என்னைக்கிங்க வேலை செஞ்சுது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, வுடு."

"களத்துமேட்டுலயா?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "மேடான வண்டிப்பாதை முடியிற எடம் வரைக்கும் போயிட்டோம். அவன் எறங்கிக் கம்பிய சரி பண்ணான். தட்டுனான். 'அப்பா, சூப்பரா போவுது'ன்னான். எதிர்க்க மேட்டுலேருந்து துண்ட வீசுறாங்க. அதுக்குள்ள தெருக்காரங்க நாலஞ்சு பேரு பின்னாலயே வந்துட்டாங்க. 'தம்பி, வண்டிய இங்கயே போட்டீங்கன்னா அவனுங்க வந்து குடும்பத்தோட ஏறிக்குவானுங்க. பெறவு அதே படுக்கையிலதான் எங்க பொம்பளைங்க ஒக்காரணுமா? அதே அடுப்புலதான் எங்க புள்ளைங்களுக்குப் பால் காச்சணுமா?'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆபத்துக்குப் பாக்க முடியுமாங்கன்னேன். 'நீங்களும் நம்ம ஆளுதான, இது தெரியாதா'ன்னாங்க. நான் இவன் மூஞ்சியப் பாத்தேன். 'திருப்புங்கப்பா'ன்னான்."

தெருவுக்குத் திரும்பிய பிறகாவது என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே, மேட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற ஒரு வரி போதுமே என்று கேட்டேன். அவர்கள் வண்டியின் சன்னலைப் பிடித்தபடி நின்றார்களாம். முதல் படகு எங்கே போகவேண்டும் என்பதில் அவர்களுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்ததாம். வண்டி ஏன் திரும்பியது என்று அம்மா கேட்பாளே என்று நீ யோசித்திருக்கிறாய். ஒரு காரணம் தேவைப்பட்டது. உன் கைக்கு எட்டியது ஆன்டெனா. வாய் இல்லாதது, எந்தச் சாதியும் இல்லாதது, திருப்பிக் கேட்காது.

அளந்து பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் அந்தக் கம்பியைக் கழற்றவிடாமல், அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போனேன். கோயில் தெருவில் நிற்கவில்லை. நேராகக் களத்துமேட்டு வண்டிப்பாதை. வண்டியை நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, நுனிக் கம்பியைக் கொஞ்சம் இறக்கினேன். அவ்வளவுதான் வேலை. முள் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. ஒரு தடவை கூப்பிட்டேன். தஞ்சாவூர் நண்பர் பதில் சொன்னார், பக்கத்துத் திண்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது, எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார். நான் இடத்தைச் சொல்லவில்லை.

ரேடியோ சத்தம் கேட்டு மாரிமுத்து ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார். "என்னங்கம்மா, இன்னைக்கி கம்பி பேசுதா?"

"பேசுதுங்க."

"அன்னைக்கிப் பாத்து மொரண்டு புடிச்சுது பாருங்க. மழைல மனுசனே மொடங்கிப் போறான், அது இரும்பு, அது என்ன பண்ணும். தம்பி வந்து நின்னு பாத்துச்சு, நாங்க அங்கேருந்து பாத்தோம். எறங்கி நின்னு என்னமோ திருவுச்சு, திருவுச்சு, ஒண்ணும் ஆவலன்னு திரும்பிப் போச்சு. அதாவது வந்துச்சு. வேற எவன் வந்தான்?"

உன் அப்பா வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன்.

"தம்பிக்குக் கல்யாணமாமே? பத்திரிகை வைக்கலன்னாலும் வருவேன், சொல்லிப்புட்டேன். ஒத்தக் கால்ல நின்னாவது தாலி கட்டுறதப் பாத்துட்டுத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். பத்திரிகையைக் கொடுத்தேன். கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். படித்தார், அவருக்கு நன்றாகப் படிக்க வரும். "பி.இ. போட்டுருக்கு" என்றார், உன்னைத் தன் வீட்டுப் பிள்ளை போலச் சொன்னார்.

எனக்கு வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இரக்கத்தால் இல்லை. அந்தப் பொய்யை நான் உடைத்தால் பாரம் உனக்குக் குறைந்துவிடும். அம்மா சொல்லிவிட்டாள், அம்மாவுக்கு நாக்கு நீளம் என்று முடித்துக்கொள்வாய்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயசு, சுற்றி நாலைந்து பேர், அடித்திருப்பார்கள், வண்டியைக் கவிழ்த்திருப்பார்கள். இருக்கலாம். பயந்தேன் என்று அன்றைக்கே எனக்கு ஒரு வரி தட்டியிருந்தால், குரல் வேண்டாம், கட்டு-கடாவில் தட்டியிருந்தால், சன்னலைப் பிடித்து நின்ற ஒருவனுக்கும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்திருக்கும். படகு போயிருக்கும். அந்த நாலைந்து பேர் பரம்பரையாகச் செய்வதைச் செய்தார்கள், அவர்களை நான் மன்னிக்கவில்லை, போன மாதம் திரும்பும் வழியில் கோயில் தெருவில் இறங்கி, அவர்கள் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினேன். ஆனால் அவர்களுக்கு இந்தக் கை கிடையாது. நீ படித்தவன், இவற்றையெல்லாம் தாண்டிவிட்டோம் என்று ஆபீசில் பேசுகிறவன். சாதி பார்த்தேன் என்று உன்னால் சொல்ல முடியாது. அதனால் டெக்னிக்கல் பிராப்ளம் என்றாய். உன் தலைமுறை முழுக்க அப்படித்தான் பேசுகிறது. வீடு வாடகைக்கு இல்லை, ஜாதகம் பொருந்தவில்லை, தண்ணீர் லைன் அங்கே ஏறாது, ரோடு அலைன்மென்ட் சரியில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு டெக்னிக்கல் பிராப்ளம் இருக்கிறது.

நல்ல கணவனாக இருப்பது எப்படி என்று நான் உனக்குச் சொல்லப்போவதில்லை. அந்தப் பெண் உன்னிடம் ஒரு நாள் நேராக ஒரு கேள்வி கேட்பாள். அப்போது கைக்கு எட்டுகிற எதன்மேலாவது பழியைப் போடுகிற ஆளாக நீ இருக்கக்கூடாது. அந்த நேர்மையை அவளிடம் போய்ப் பழகிக்கொள்ள முடியாது. மாரிமுத்துவிடம்தான் ஆரம்பிக்க வேண்டும். அவர் உன்னை அடிக்கமாட்டார். அடித்தால் வாங்கிக்கொள். மன்னித்தேன் என்பார் என்று எதிர்பார்த்தும் போகாதே. அவருக்கு உரிய ஒரு விஷயம் உன்னிடம் இருக்கிறது. தன் கால் எதனால் போனது என்று அவருக்குத் தெரியவேண்டும். ஒரு இரும்புக் கம்பியை மன்னித்துக்கொண்டு அவர் மண்டபத்துக்கு வந்து, உன் தலையில் அட்சதை போடக்கூடாது.

முகூர்த்தத்துக்கு முன் லீவு போட்டுவிட்டு வா. அப்பாவையோ நண்பனையோ கூட்டிப் போகாதே. நீ போய்ச் சொல்லிவிட்டாய் என்று மாரிமுத்து வாயால் கேட்டால் என்னிடம் இருக்கிற இதன் நகலைக் கிழித்துவிடுவேன். உன்னையும் என்னையும் தவிர ஒருவர் கண்ணிலும் இது படாது. நீ போகாவிட்டால், தாலி கட்டுகிறவரை கையிலேயே வைத்திருப்பேன், அதற்குப் பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பேன்.

போய்ச் சொல்லுடா.